ஸ்டோருக்குள் வைத்த கிளாரினெட்

என் மகன் வாசித்த இசை எனக்குப் புரிந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. புரியாவிட்டாலும் அது அவனுடையது என்று தெரிந்திருந்தது. எனக்கு அது போதும். என் வீட்டில் மற்றவர்களுக்கு அது போதவில்லை என்பதை நான் மிகவும் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

போடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியர். என் மகனும் அங்கேதான் படித்தான். பள்ளியின் பேண்டு சாமான்கள் வைத்திருந்த அலமாரியில், யாரும் தொடாத ஒரு பழைய கிளாரினெட் கிடந்தது. டிரம்முக்கும் பியூகிளுக்கும் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். இதை எடுத்து ஊதினால் வாத்து கத்துவது மாதிரி சத்தம் வரும் என்பதால் சீண்டமாட்டார்கள். அவன் மட்டும் விடவில்லை. ரேடியோவில் மேற்கத்திய இசை வரும் நேரங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்பான். பிறகு அதை ஊதிப் பார்ப்பான். எழுபதுகளின் கடைசியில் கல்லூரிக்கு மெட்ராஸ் போனபோது, பௌதிகம் படிக்கப் போகிறான் என்றுதான் ஊரெல்லாம் சொன்னோம். அவன் எதற்காகப் போகிறான் என்று எனக்குத் தெரியும்.

மெட்ராசில் ஒரு சர்ச் வாத்தியக் குழுவில் சேர்ந்தான். படிப்பு முடிந்ததும் சினிமா ரெக்கார்டிங்குகளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்தான். பிறகு ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவுக்குள் போனான். மேற்கத்திய செவ்வியல் இசை என்றால் செத்துப்போன பெரியவர்கள் எழுதியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் வாசித்தது இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் எழுதுவது. வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதங்கள் மெட்ராசில் தங்கியிருந்த இசையமைப்பாளர் ஒருவர் இவன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இவனுக்காகவே ஒன்று எழுத ஆரம்பித்திருக்கிறார். தான் கொண்டுவந்திருந்த நல்ல கிளாரினெட் ஒன்றையும் இவனிடம் கொடுத்து, என் இசைக்கு இதுதான் தோது, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் குழுவின் கச்சேரி ஒன்றுக்கு நான் போனேன். ஆரம்பத்தில் என் மகன் வெறும் மூச்சை மட்டும் குழாய்க்குள் விட்டான். ஸ்வரமே இல்லை. பிறகு ஊதாமல், துளைகளை மூடித் திறக்கும் சாவிகளை மட்டும் டக் டக் என்று தட்டினான். பிறகு ஒரே குழாயிலிருந்து இரண்டு சத்தங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று கீழே உறுமியது, ஒன்று மேலே மெல்லிசாக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். நானும் மூடிப் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. ஆனால் கண்ணைத் திறந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயதில் சைக்கிளை முதன்முதலாக விழாமல் ஓட்டியபோது இருந்த முகம் அது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

இவனுக்காக எழுதிய அந்தப் புது இசையை பம்பாயில் அரங்கேற்றுவதாக ஏற்பாடாகியிருந்தது. அதைக் கேட்க வெளிநாட்டிலிருந்தும் சிலர் வருகிறார்கள், பிடித்துப்போனால் தன்னை இரண்டு வருடம் அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்றான். அதற்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்தில், கொஞ்ச நாள் வீட்டில் இருந்து சாதகம் செய்ய வந்தான்.

எங்கள் தெரு அதைத் தாங்கவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன சார், தம்பி நேத்துலருந்து குழாயில அடைப்பு எடுக்குறாரா?"

"அது புது மாதிரி சங்கீதம்."

"புதுசுன்னா சரி. புது மோட்டார் மாதிரி ஓட ஓட சத்தம் கொறஞ்சிருமில்ல?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டில் என் மனைவி மகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு பாட்டு, கல்யாணத்துல ஊதுவாங்கள்ல, அந்த மாதிரி ஊதுப்பா. எதுத்த வீட்டுக்காரி கேக்கட்டும். அவ என்னைப் பாத்து உச்சுக் கொட்டுறா." அவன் அவளுக்காக ஒரு சினிமாப் பாட்டு வாசித்தான். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு நல்லா வருது. பெறகு எதுக்குப்பா அந்தக் கூத்து?" என்றாள்.

என் மனைவியின் அண்ணனுக்கு போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம். ஒரே மகள். அவள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு என் மகன் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. சம்பந்தப்பட்ட இருவரிடமும் யாரும் கேட்டதில்லை. தெருக்காரர்கள் கேலி செய்வது காதுக்கு எட்டியதும் மச்சான் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மருமகனே, எதுக்கு இந்த ஏச்சு? மேல வா. மழையும் நானுந்தான் இருப்போம். நீ எவ்வளவு வேணும்னாலும் ஊது. அட்டைப்பூச்சிக்குக் காது கிடையாது."

மகன் சிரித்துவிட்டான். உடனே இசையமைப்பாளர் கொடுத்த கிளாரினெட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஏறினான். சனி ஞாயிறோடு திங்களும் லீவு என்பதால் நானும் கூடப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் மச்சான் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் எனக்கு வெற்றிலை நீட்டிக்கொண்டே வந்தார். இவரைப்போல ஒரு தாய்மாமன் யாருக்குக் கிடைப்பார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மழைக்காலத்தில் மலையில் எதுவும் காயாது. துவைத்த துணி நான்கு நாள் ஆனாலும் மொடமொடப்பு வராது, தீப்பெட்டி பற்றாது, தலையணை நாறும். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு ஸ்டோர் உண்டு. அது பறித்த ஏலக்காயைக் காயவைக்கும் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறை முழுவதும் சுற்றி வரும். குழாய்க்கு மேலே கம்பிவலைத் தட்டுகளில் காய் கிடக்கும். அடுப்பு எரிகிற நாட்களில் தோட்டத்துச் சனங்கள் எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுவந்து காயவைப்பார்கள். கம்பளி, பிள்ளைத்துணி, அப்பளம், நனைந்த ரேஷன் கார்டு, பள்ளிக்கூடப் புத்தகம் என்று ஏலக்காய் வாசனை ஏறாத பொருளே அந்த மலையில் கிடையாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஈரத்தில் மரம் ஊறி சாவிகள் ஒட்டுகின்றன என்றான்.

"கொண்டா. ஸ்டோருக்கு முன்னால மூட்டை போடுற ரூம்ல வைக்கிறேன். லேசா வெதுவெதுப்பா இருக்கும். காலைல சுக்கா இருக்கும் பாரு" என்றார் மச்சான்.

மகன் யோசித்தான். "அடுப்பு சூடு ஆகாது மாமா. வெளி ரூம்னா பரவால்ல."

"தெரியும்ப்பா. எனக்குச் சொல்லித் தர்றியா?"

பெட்டியை அவன்தான் அவர் கையில் கொடுத்தான்.

காலையில் மகன் போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளாரினெட் வெளி அறையில் இல்லை. உள்ளே, குழாய்க்கு நேர் மேலே இருந்த தட்டில், பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டு துண்டாக ஏலக்காயின் நடுவே கிடந்தது. மேல்துண்டு வாயிலிருந்து நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவு மூன்று துளைகளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. துளைகளை மூடும் சின்ன மெத்தைகள் பசை உருகி உதிர்ந்து, காயோடு காயாகக் கலந்திருந்தன. மகன் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். எதற்காகப் பொறுக்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நல்லது நெனச்சுத்தானப்பா உள்ள வச்சேன். வெளிய வச்சது பத்தலையோன்னு... பாவி நான், பாவி." கடைசியில் மகன்தான் அவரைத் தேற்றினான். "விடுங்க மாமா. என்னைத்தான் சொல்லணும். நானே பக்கத்துல இருந்து பாத்திருக்கணும்."

நான் நம்பினேன். அந்த மலையில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். நனைந்தது எதுவானாலும் ஸ்டோருக்குள் வைப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

கீழே வந்ததும், போடியில் கல்யாணத்துக்கு வாசிக்கும் ஒரு பேண்டு செட்டிலிருந்து கிளாரினெட் கேட்டு வாங்கினேன். அது பழைய காலத்து அமைப்பு. துளைகளும் சாவிகளும் வேறு இடத்தில் இருந்தன. மகன் ஒரு பகல் முழுக்க முயன்றான். விரல் போன இடத்தில் சத்தம் இல்லை. அன்று மாலை மதுரை ரயிலில் ஏறிப் போய்விட்டான். மெட்ராசில் பிளவை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஊதினால் காற்று ஒழுகியிருக்கிறது. பம்பாயில் அவன் இடத்தில் வேறொருவர் வாசித்தார். அவனுக்காக எழுதியதை அவன் சபையில் உட்கார்ந்து கேட்டான். நம்பிக் கொடுத்த வாத்தியத்தை அடுப்பங்கரையில் போட்டவன் என்று குழுவில் பேச்சாயிற்று. இசையமைப்பாளர் எதுவும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். குழுவும் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. ஒரு பிளாஸ்டிக் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் சினிமாப் பின்வரிசைக்குப் போனான். பிறகு அதற்கும் போகவில்லை. தீபாவளிக்கு வந்தபோது நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மச்சான் அவன் தோளில் கை போட்டு, "தோட்டத்தப் பாத்துக்க ஆளில்ல மருமகனே. பொங்கலோட வந்துரு" என்றார். மகன் சரி என்று தலையாட்டினான். என் மனைவி அன்றைக்குப் பால் பாயாசம் வைத்தாள்.

மார்கழியில் பள்ளி விடுமுறையில் நான் தோட்டத்துக்குப் போனேன். மகன் வந்து தங்குவதற்கு ஒரு அறை ஒழிக்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தார். நான் போன நேரத்தில் ஸ்டோர் வாசலில் அவர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அடுப்புப் பார்க்கிறவர், மரச்சட்டம் போட்ட சாமி படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மரச் சாமான உள்ள வைக்காதேன்னு உனக்கு எத்தன வருசமாச் சொல்றேன்? சட்டம் வெடிச்சுப் போயிருமில்ல?"

"சுவரோரமா வச்சேன் மொதலாளி. ஈரத்துல பூசணம் பூத்துப் போச்சு."

"சுவரோரமோ எதோரமோ, மரம்னா மரந்தான். போன வருசம் உன் மரப்பொட்டிய வச்சு வெடிச்சது மறந்துபோச்சா? கொண்டுபோயி வெளி ரூம்ல வையி, வெரசா."

அந்த ஆள் போனார். மச்சான் திரும்பியதும் என்னைப் பார்த்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"மச்சான், மரம் வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தோளிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "ஏலக்காய்க்காரன்கிட்டக் கேக்குற கேள்வியா மாப்ளே இது?"

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கு என்ன? அவன் வெள்ளக்காரங்களோட போனா திரும்பி வருவான்னு நீரு நெனச்சீரா? நாளைக்கு உமக்குக் கொள்ளி வைக்க யாரு வருவா? நானா? நான் உமக்கு மூத்தவன்யா."

"அதை அவன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா கேப்பானா? நீரும் கூடச் சேந்து தலைய ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சீரு. உம்ம வீட்டுல ஒருத்தருக்காவது புத்தி இருந்துச்சே, அதச் சொல்லும்."

"யாருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் தங்கச்சிகிட்டப் போயிக் கேளும்."

தோட்ட வேலை முடிந்து இறங்குகிறவர்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கீழே வந்தேன். யாரோ ஒரு பெண் என் மடியில் தன் பையை வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். வளைவுக்கு வளைவு, அப்படி இருக்காது, மச்சான் தப்பிப்பதற்காக அவள் மேல் போடுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்!

என் மனைவி அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணன் சொல்லிருச்சா?"

"என்ன சொல்லணும்?"

"என்ன பண்ணணும்னு நான் சொல்லல. எப்படியாச்சும் அவன் போறத நிப்பாட்டிருண்ணேன்னு மட்டுந்தான் சொன்னேன். சத்தியமா அவ்வளவுதான்."

"உள்ள வச்சதை எப்பச் சொன்னாரு?"

"நீங்க ரெண்டு பேரும் எறங்கி வந்தீங்கள்ல. அதுக்கு முந்தியே ஆள்கிட்டச் சொல்லி விட்டுருச்சு."

"அப்ப அவன் அந்த ஒடஞ்சதைக் கையில வச்சுக்கிட்டு இதே எடத்துல வந்து நின்னப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தோசை ஊத்திக் குடுத்த."

"பசியோட வந்தான். ஊத்தாம என்ன செய்ய?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள். "அவன்கிட்டச் சொல்லிராதீங்க. பொங்கலுக்கு வர்றான். வந்து இங்கன இருக்கட்டும். கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துரும். ஒண்ணே ஒண்ணு பெத்திருக்கோம்ங்க."

சொல்லாமல் இருந்தால் மகன் வருவான். தோட்டம், கல்யாணம், பேரப்பிள்ளைகள் எல்லாம் வரும். எனக்கும் அது வேண்டாம் என்று இல்லை. ஆனால் தன் கவனக்குறைவால் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, அதைச் செய்தவரின் வீட்டிலேயே அவன் காலம் முழுக்கச் சாப்பிடுவான். நான் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் மெட்ராஸ் போனேன்.

அவன் அறையில் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டான். முடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அம்மாவுக்கு எப்பத் தெரியும்?"

அங்கே நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "நிப்பாட்டச் சொன்னதே அவதான்ப்பா" என்றேன்.

அவன் கயிற்றை அவிழ்த்தான். பெட்டியிலிருந்து இசை நோட்டுகளை எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினான். "நானே கொண்டுபோயிக் குடுத்தேன்னு தினம் நெனச்சுக்கிட்டிருந்தேம்ப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அழவில்லை. என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான்.

குழுவில் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். நம்பினார்களோ இல்லையோ, மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பயணம் திரும்ப வரவில்லை. பம்பாயில் வாசித்தவர்தான் அதற்கும் போனார். பிறகு இவன் கிடைத்த வாத்தியத்தில் விரலைப் பழக்கி, பெங்களூர், பம்பாய் என்று வாசிக்கிறான். எனக்குப் பள்ளி முகவரிக்குக் கார்டு போடுவான். பொங்கலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் ஊர்ப் பக்கம் வரவில்லை. அண்ணன் வீட்டோடு எங்களுக்குப் பேச்சு நின்றுபோனது. என் மனைவி என்னோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள். ஒருநாள் மட்டும் சொன்னாள்: "அண்ணன் ஒரு கட்டையத்தான் ஒடச்சாரு. நீங்க என் பிள்ளையை என்கிட்டருந்து ஒடச்சுட்டீங்க." இந்த வீட்டில் துரோகம் செய்தவன் நான் என்றுதான் அவள் நினைக்கிறாள். சில நாட்களில் எனக்கே குழப்பமாகிவிடுகிறது.

போன மாதம் மதுரையில் ஒரு கல்லூரியில் அவர்களுடைய கச்சேரி என்று கார்டு வந்தது. அவளிடம் காட்டினேன். மறுநாள் விடியும்போதே அவள் குளித்துப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ரயில் நிலையம் வரைக்கும் இருவரும் நடந்தோம். டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். வண்டி வந்து நின்றதும் அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் முன்னால வந்து உக்காந்தா அவனுக்கு மூச்சு வருமா?"

வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவன் என்ன செய்வான் என்று எனக்கும் தெரியவில்லை. நான் ஏறியதும் வண்டி கிளம்பிவிட்டது.

கச்சேரியில் அவன் நன்றாக வாசித்தான் என்றுதான் நினைக்கிறேன். சபை எழுந்து நின்று கைதட்டியது. முடிந்து வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டான். என் ரத்த அழுத்தத்தைக் கேட்டான், பள்ளியைக் கேட்டான், டீக்கடைக்காரர் இன்னும் கேலி செய்கிறாரா என்று கேட்டான். பஸ் ஏற்றிவிட வந்து நின்றான். பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் காத்திருந்தேன். அவன் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வீட்டில் அவள் அதே பட்டுச்சேலையில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான்" என்றேன்.

அவள் எழுந்து என் அருகில் வந்தாள். "என்ன கேட்டான்?"

அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் நான் யோசித்திருக்கவில்லை.